மிச்சச் சோறும் முட்டைக் கணக்கும்

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் கொல்லைக் கதவோரம் ஒரு பழைய அலுமினியக் குண்டான் இருக்கும். ராத்திரி மீந்த சோறு, சட்டியில் ஒட்டிய கூழ், மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, வெங்காயச் சருகு எல்லாம் அதில்தான் விழும். விடிந்ததும் அது அப்படியே கோழிக்குப் போகும். கோழியும் அடித்துப் பிடித்துத் தின்னும். தின்கிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறோம்.

கோழி விரும்பித் தின்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்கவே உறைக்காது. ஊறுகாயைப் போட்டாலும் கொத்தும். அதிலிருக்கும் உப்பு என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. குண்டானில் கிடப்பது வெறும் மிச்சம். அது தீனியாக வேண்டுமென்றால் உப்பு இறங்க வேண்டும், புரதம் ஏற வேண்டும். இந்த ஊர் வெயிலில் கெட்டுப்போவதற்கு முன்னால் கிண்ணமும் காலியாக வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து அரை மணி நேர வேலைதான். அதைச் செய்யாத வீடுகளில்தான் “நல்லாத்தான் தின்னுது, முட்டைதான் இல்ல” என்ற பேச்சு ஓயாமல் கேட்கும்.

சோற்றுக் கணக்கைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 70 கிராம் தண்ணீர். புரதம் இரண்டரை கிராம் சொச்சம். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 8 சதவீதம் தேறும். முட்டையிடும் பெட்டையின் தீனியில் 16 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். ஒரு நாட்டுக்கோழி முட்டை 40 முதல் 45 கிராம் எடை. அதில் சுமார் 5 கிராம் புரதம் இருக்கிறது. வெறும் சோற்றில் தீனிப்பை நிறைந்துவிடும், பசியும் அடங்கிவிடும், ஆனால் உடம்பைத் தாங்கி இறகையும் வளர்த்த பிறகு முட்டைக்கு ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுகிற மாவுச்சத்து கொழுப்பாக வயிற்றில் படியும். அப்படிப்பட்ட பெட்டையைத் தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும். கால்களுக்கு நடுவே, ஆசனவாய்க்குக் கீழே, மெத்தென்று கொழுப்பு கைக்குத் தட்டுப்படும். வீட்டுக்காரர்கள் அதை ஆரோக்கியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மழை பெய்த ஆடி ஆவணியில் இந்தக் குறை வெளியே தெரியாது. புல்லில் வெட்டுக்கிளி, எருக்குழியில் புழு, வேலியோரம் கரையான் என்று கோழி தன் புரதத்தைத் தானே தேடிக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் தரை காய்ந்து, கிளறினால் புழுதிதான் கிளம்பும். சோற்றை மட்டும் நம்பிய கோழி அப்போதுதான் முட்டையை நிறுத்தும். பழி வெயிலின் மேல் விழும். வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் முழுப் பங்கு இல்லை.

அளவைப் பார்ப்போம். அடைத்து வைத்து வளர்க்கும் நாட்டுக்கோழிக்கு நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் உலர் தீனி வேண்டும். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை முட்டைக்கோழி சுமார் 110 கிராம் தின்னும். கொல்லையிலும் வரப்பிலும் நாள் முழுக்க மேய்ந்து வருகிற கோழிக்கு நாம் போட வேண்டியது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. எடை தண்ணீரோடு ஏமாற்றும் என்பதை மறக்கக் கூடாது: 100 கிராம் சோறு போட்டால் 30 கிராம் தீனி போட்டதாகத்தான் கணக்கு.

கொஞ்சம் மேய்ந்து வரும் பத்துக் கோழிகளுக்கு ஒரு நாளைக்கு இந்த அளவு சரியாக வரும். அலசிப் பிழிந்த சோறு 600 கிராம். நல்ல தவிடு 150 கிராம். உடைத்த கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் இவற்றில் எது மலிவோ அது 200 கிராம். கடலைப் புண்ணாக்கு 100 கிராம். முருங்கைக்கீரையோ அகத்தியோ, காம்பு நீக்கி நறுக்கியது 200 கிராம். கிடைக்கிற நாளில், வேகவைத்து உதிர்த்த மீன் தலையோ உப்பு நீக்கி இடித்த கருவாடோ 50 கிராம். இதன் உலர் எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும். மீன் இல்லாமல் புரதம் சுமார் 15 சதவீதம், கருவாடு சேர்த்தால் 17ஐத் தொடும். வெளியே விடாமல் அடைத்தே வளர்ப்பதானால் சோற்றைக் கூட்டாமல் தானியத்தையும் புண்ணாக்கையும் இதே விகிதத்தில் கூட்ட வேண்டும். மீந்த சோறு அன்றைக்கு ஒரு கிலோ இருந்தாலும் 600 கிராமுக்கு மேல் இதில் போகக் கூடாது. “வீணாப் போகுதே” என்று அள்ளிக் கொட்டுவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

புண்ணாக்கை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். கட்டியாகப் போட்டால் பெரிய கோழி எடுத்துக்கொண்டு ஓடும். சின்னதுக்குத் துணுக்குக்கூடக் கிடைக்காது. 100 கிராமுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். சித்திரை, வைகாசியில் ராத்திரி ஊறவைத்தால் காலைக்குள் நுரைத்துவிடும், அந்த மாதங்களில் விடியற்காலை நாலரைக்கு ஊறப்போட்டு ஆறரைக்குப் பிசைந்தால் சரியாக இருக்கும்.

சோற்றை அலசுவதுதான் பலரும் தவிர்க்கிற வேலை. கோழித்தீனியில் மொத்தமாக வேண்டிய உப்பு 0.3 முதல் 0.4 சதவீதம். அதாவது முழு நாள் தீனிக்கும் சேர்த்து ஒரு கோழிக்கு அரை கிராம்கூட வேண்டாம். நம் நாக்குக்குச் சரியாக இருக்கும் சாம்பார் சாதத்தில் 100 கிராமுக்கு ஒரு கிராமை ஒட்டி உப்பு இருக்கும். 150 கிராம் சாம்பார் சாதம் தின்ற கோழி, தன் உலர் தீனியில் பாதியைக்கூடத் தொடாமலே ஒரு நாள் உப்பைப் போல மூன்று நான்கு மடங்கை விழுங்கியிருக்கும். தண்ணீர் தாராளமாக இருந்தால் குடித்துக் குடித்து வெளியேற்றிவிடும். எச்சம் நீராகப் போகும், கூட்டின் தரை நசநசக்கும். அதைப் பார்த்து “கழிச்சல் வந்துடுச்சு” என்று மருந்து தேடுவார்கள். தண்ணீர்க் கிண்ணம் மதியத்தில் காய்ந்து கிடந்தால் கதை வேறு. தள்ளாடும், கால் மடங்கும், குஞ்சாக இருந்தால் செத்தே போகும். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் இன்னும் மோசம், ஏனென்றால் கோழி அதைத் தண்ணீர் என்று நினைத்துக் குடிக்கும்.

குழம்பு கலந்த சோற்றைச் சல்லடைக் கூடையில் கொட்டி, இரண்டு மடங்கு தண்ணீர் விட்டுக் கையால் அளைந்து வடிக்க வேண்டும். ஒரு அலசலில் உப்பு பாதியாவது இறங்கும். இரண்டாம் அலசலில் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இருக்காது. எண்ணெய் மிதந்தால் முதல் தண்ணீர் வெந்நீராக இருக்கட்டும். பிறகு இரண்டு கையாலும் அழுத்திப் பிழிய வேண்டும். வெறும் வெள்ளைச் சோற்றுக்கு இந்த வேலையே வேண்டாம். ஆகவே வீட்டில் செய்ய வேண்டிய ஒரே ஒழுங்கு, மீந்த வெள்ளைச் சோற்றைத் தனியாகவும் குழம்பு பட்டதைத் தனியாகவும் போட இரண்டு பாத்திரம் வைப்பது. அலசிய உப்புத் தண்ணீரைக் கோழி தொடாத இடத்தில் ஊற்றிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி வாங்கிய வீடுகளில் திங்கட்கிழமை காலையில் கோழிக்கு நல்ல விருந்து நடக்கும். எண்ணெய், உப்பு, தயிர் வெங்காயம், கத்திரிக்காய், தால்சா எல்லாம் சேர்ந்த அந்தக் கலவைதான் நம் சமையலில் கோழிக்கு மிகவும் ஒவ்வாதது. வெங்காயத்தில் இருக்கும் கந்தகச் சேர்மம் அளவு மீறினால் கோழியின் சிவப்பணுக்களை உடைக்கும். குஞ்சுக்குக் கைவைத்தியமாக இரண்டு சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவது ஒன்று, ஒரு கிண்ணம் தயிர் வெங்காயத்தைத் தினமும் கொட்டுவது வேறொன்று. முன்னதால் கெடுதல் எதுவும் கண்டதில்லை. பிரியாணி மீந்தால் சோற்றை மட்டும் பிரித்து, வெந்நீரில் இரண்டு தடவை அலசி, அன்றைய சோற்று அளவில் கால் பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். பட்டை, கிராம்பு, ஏலக்காயைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். நான்கு பேர் சாப்பிட்ட மிச்சத்துக்கு இத்தனை பாடா என்று தோன்றினால், கறித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, அதை எருக்குழிக்கே அனுப்பிவிடுவது மேல்.

இனி பிசைவது. அகலமான தாம்பாளத்தில் தவிட்டையும் உடைத்த தானியத்தையும் முதலில் கொட்டி, ஊறிய புண்ணாக்கைத் தண்ணீரோடு ஊற்றிக் கலந்து, பிழிந்த சோற்றை உதிர்த்துப் போட்டு, கடைசியில் கீரை. பதம் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதைவிட இளகினால் அலகின் மேலும் மூக்குத் துவாரத்திலும் ஒட்டிக் காயும், காலில் மிதிபடும், ஒரு மணி நேரத்தில் புளிக்கும். கேழ்வரகுக் கூழும் களியும் மீந்தால் இதுதான் தொல்லை. கூழ் நல்ல தீனி, புளித்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அப்படியே ஊற்றினால் பசை மாதிரி அப்பிக்கொள்ளும். குஞ்சுகளின் கழுத்து இறகு சேர்ந்து காய்ந்து, மற்ற குஞ்சுகள் அதைக் கொத்தியே புண்ணாக்கும். தவிட்டைத் தூவித் தூவிப் பிசைந்து புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

கேழ்வரகைப் பற்றி ஒரு இடைச்செருகல். சுண்ணாம்புச் சத்து நிறைந்த தானியம், ஆகவே கோழிக்கு முட்டை ஓடு கெட்டிப்படும் என்று சொல்வார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு என்பது சரிதான். அரிசியோடு ஒப்பிட்டால் எங்கேயோ இருக்கிறது. ஆனால் ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் போகிறது. ஒரு கோழி 50 கிராம் கேழ்வரகு தின்றாலும் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. முருங்கைக்கீரைக்கும் இதே கதி. மனுஷருக்குச் சொன்ன கணக்கு கோழிக்குப் பொருந்தாது. ஓடு கெட்டிப்படாமல் தோல்முட்டை விழுகிறதென்றால் முட்டை ஓட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டில் உடைக்கிற முட்டையின் ஓடுகளை அன்றன்றைக்கு வெயிலில் போட்டுச் சேர்த்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை பழைய தோசைக்கல்லில் மிதமான தீயில் எட்டுப் பத்து நிமிடம் வறுக்க வேண்டும். ஓரம் லேசாகப் பழுத்து, கையில் நொறுங்கும்போது இறக்கலாம். இதனால் ஓட்டில் ஒட்டிய கிருமி போகும். முட்டை வாசனையும் போகும். பச்சை ஓட்டை முழுசாகப் போட்டுப் பழக்கினால் கூட்டில் இருக்கும் முட்டையையே கொத்தப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வந்த கோழியைத் திருத்துவது கஷ்டம். வறுத்ததைப் பூரிக்கட்டையால் உருட்டி உடைக்கும்போது மாவாக்க வேண்டாம். ரவை முதல் குருணை வரை கலந்த அளவில் இருக்கட்டும். பெரிய துணுக்கு அரைவைப்பையில் தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஓடு உருவாவது பெரும்பாலும் ராத்திரியில்தான். ஆகவே சாயங்காலம் கூடு அடையும் முன் தனிக் கிண்ணத்தில் வைப்பது காலையில் வைப்பதைவிடப் பலன் தரும். ஓடு போதாவிட்டால் தீனிக் கடையில் கிளிஞ்சல் உடைத்தது கிடைக்கும்.

தனிக் கிண்ணம் என்பதற்குக் காரணம் உண்டு. முட்டையிடாத வெடைக்கும் சேவலுக்கும் குஞ்சுக்கும் தீனியில் ஒரு சதவீதக் கால்சியம் போதும். முட்டைக்கோழிக்கோ மூன்றரை சதவீதம் வேண்டும். எல்லோருக்கும் பிசைந்து போட்டால் குஞ்சுகளின் சிறுநீரகம் கெடும். தனியாக வைத்தால் வேண்டியது தேவைக்கு எடுத்துக்கொள்ளும்.

அடைத்து வளர்க்கும் கோழிக்குப் பொடிக் கல்லும் வேண்டும். பல்லில்லாத உயிர், அரைவைப்பையில் இருக்கும் கல்தான் அதற்கு அம்மி. மணல் சலித்தபின் சல்லடையில் நிற்கிற கப்பியைக் கழுவி ஒரு சட்டியில் வைத்தால் போதும். மண்ணில் மேய்கிற கோழி தானே பொறுக்கிக்கொள்ளும்.

இனி இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு பயத்தைச் சொல்ல வேண்டும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற ஊர் இது. செக்கிலிருந்து வரும் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது. 40 சதவீதத்துக்கு மேல் புரதம், கோழிக்கு இதைவிட மலிவான புரதம் இல்லை. ஆனால் 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்ததற்கும் இதே கடலைப் புண்ணாக்குதான் காரணம். பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த சரக்கு. அதை ஆராயப் போய்த்தான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உலகத்துக்குத் தெரிந்தது. கோழி வான்கோழியைவிடக் கொஞ்சம் தாங்கும், உடனே சாகாது. அதனால்தான் கவனிக்காமல் போகிறது. முட்டை குறையும், குஞ்சு வளராது, ஈரல் வெளுக்கும், நோய் எதிர்க்கும் சக்தி இறங்கும். தடுப்பூசி போட்டும் வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோயில் கோழி போகிற வீடுகளில் தீனி மூட்டையையும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது நடக்காது. பூஞ்சை சாகும், அது விட்டுப்போன நஞ்சு கொதிநீரில் அழியாது. புண்ணாக்கு வில்லையை உடைத்து உள்பக்கத்தைப் பாருங்கள். பச்சையோ கருப்போ புள்ளி இருந்தாலும், எண்ணெய் வாசனைக்குப் பதில் அடைந்த மண் வாசனை வந்தாலும் வாங்கக் கூடாது. வாங்கியதை மூன்று வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்றே போதும், பூஞ்சைக்கு. இன்னொரு பழக்கம் இதைவிட மோசம்: மல்லாட்டை உரிக்கும்போது ஒதுக்குகிற சுருங்கினது, கறுத்தது, சொத்தை எல்லாவற்றையும் “கோழிக்கு ஆகும்” என்று தனியே எடுத்து வைப்பது. நஞ்சு சேர்ந்து கிடப்பது அந்தப் பருப்புகளில்தான். அடுப்பில் போடுங்கள்.

தவிட்டிலும் ஏமாற்று உண்டு. ஒரு பிடி தவிட்டை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் கொஞ்சம் பொறுத்தால், கலந்த உமி மேலே மிதக்கும். பாதிக்கு மேல் மிதந்தால் அது மாட்டுக்கே ஆகாது, கோழிக்கு எங்கே. நல்ல தவிட்டில் எண்ணெய் அதிகம். பச்சரிசித் தவிடு வெயில் காலத்தில் ஓரிரு வாரத்திலேயே கசந்துவிடும். ஆரணி, செய்யாறு பக்கத்து மில்களில் புழுங்கல் அரைக்கும்போது வருகிற தவிடு அதைவிடத் தாங்கும், ஏனென்றால் நெல்லை அவிக்கும்போதே எண்ணெயைக் கெடுக்கும் நொதி செத்துவிடுகிறது. நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், கசந்தால் வேண்டாம்.

மீன் கழிவும் கறிக்கடைக் கழிவும் நல்ல புரதம், வேகவைத்தால் மட்டும். உப்பில்லாமல், தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் மீன் தலை, குடலுக்கு 20 நிமிடம், கோழிக்கடைக் கழிவுக்கு 30 நிமிடம். இங்கே சோம்பல் படக் கூடாது. கடையில் வெட்டிய கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் இருந்திருந்தால், பச்சையாகப் போட்ட ஒரு துண்டு குடல் உங்கள் கொல்லையையே காலி செய்யும். அந்த இறைச்சியைக் கழுவின தண்ணீரையும் கோழி மேயும் இடத்தில் ஊற்றாதீர்கள். கால்நடை மருந்தகத்தில் இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. தீனியை எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் அதற்கு மாற்றாகாது.

கருவாட்டில் உப்புதான் வில்லன். வெந்நீரில் அரை மணி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஒரு முறை அதே மாதிரி செய்து, பிறகு வேகவைத்துக் காயவைத்து இடிக்க வேண்டும். உப்பில்லாமல் காய்ந்த சென்னாக்குன்னி (பொடி இறால்) கிடைத்தால் இந்த வேலை மிச்சம். மீன் வாரத்தில் மூன்று நாளைக்கு மேல் போனால் முட்டையில் வாடை அடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மலிவு கரையான். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி வறட்டி, கந்தல் வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள தரையில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், விடிகாலையில் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறும் முன் குஞ்சுகளின் முன்னால் தட்டிக் கொட்ட வேண்டும், தாமதித்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும். குஞ்சு வளர்ப்புக்கு இதற்கு இணை இல்லை. கரையான் மருந்து அடித்த வீட்டுச் சுவரோரம் மட்டும் வைக்காதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளில் தோலிலிருந்து சுரண்டி எடுத்த சதைத் துணுக்கு, சீவல் என்று ஏதாவது கொழுப்பான பொருள் கைக்கு வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கோழிக்கு வேண்டாம். சுண்ணாம்பும் சல்பைடும் குரோமியமும் பட்ட சரக்கு அது; கோழி வழியாக முட்டைக்கும் நம் தட்டுக்கும் வரும்.

குண்டானில் விழக் கூடாத மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பச்சை படர்ந்த உருளைக்கிழங்கும் அதன் தோலும். வேகாத மரவள்ளியும் தோலும். ஊறவைத்து நன்றாக வேகவைக்காத மொச்சை, ராஜ்மா. கொள்ளும் வெந்தே போகட்டும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட். காபி, டீத் தூள் ரோஜாச் செடிக்குப் போகட்டும். கொல்லையில் ஆமணக்கு இருந்தால் கொட்டை உதிரும் முன் வெட்டிவிடுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான், அதன் காம்பும் இலையும் கோழிக்கு ஆகாது; வெந்த காய் மட்டும் ஆகும். பச்சரிசி தின்றால் வயிற்றில் ஊதி வெடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு, அதில் உண்மையில்லை. குருணையாகவே போடலாம்.

விஷத்தைவிட அதிகம் கோழியைக் கொல்வது குண்டானில் கிடக்கும் வேறு சில சாமான்கள். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டி எறிகிற அந்தச் சின்ன முக்கோணம். பார்சல் கட்டிய ரப்பர் பேண்டு, காகிதத்தில் குத்திய பின். சாமி படத்திலிருந்து கழற்றிய மல்லிகைச் சரத்தின் நூல். நூல் மிக மோசம்: ஒரு முனை நாக்கடியில் சுற்றிக்கொள்ளும், மறுமுனை தீனிப்பைக்குள் போகும், கோழி வாயைத் திறந்தபடியே நின்று மெலியும். வாழைநாரும் நீளமான கீரைத் தண்டும் தீனிப்பையில் உருண்டு பந்தாகும். கீரைத் தண்டானால் அரை விரல்கடைக்கு மேல் நீளமில்லாமல் நறுக்க வேண்டும். பால் பாக்கெட்டை மூலை விழாமல், ஒட்டிக்கொண்டே இருக்கும்படி வெட்டிப் பழகினால் அந்த ஒரு தொல்லை தீர்ந்தது.

சந்தேகம் வந்தால் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு வலப்பக்கம் இருக்கும். ராத்திரி கூடு அடைந்தபின் எலுமிச்சைக்கு மேல் பெரிதாக, கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். விடிகாலையில், தீனி வைப்பதற்கு முன், காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல் மாதிரி இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை மாதிரி குலுங்கி, வாயருகே முகர்ந்தால் புளித்த வாடை அடித்தால் உள்ளே நொதித்துவிட்டது. அடைப்பாக இருந்தால் அன்றைக்குத் தீனியை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்து, விரலால் மெதுவாகப் பிசைந்துவிட்டால் பல நேரம் இளகும். தலைகீழாகத் தூக்கிக் கக்க வைக்கிற வைத்தியம் வேண்டாம், தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்க் கோழி செத்துப்போகும். மறுநாளும் இளகவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பழைய சோறு புளித்திருப்பதற்கும் கெட்டுப்போவதற்கும் வித்தியாசம் நம் வீடுகளில் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லேசான புளிப்பு நல்லது. நூல் நூலாக இழுத்தாலும், இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளி வந்தாலும், சாராய வாடை அடித்தாலும் போடக் கூடாது. பிசைந்த தீனி 20 நிமிடத்தில் தின்று தீர்கிற அளவே வைக்க வேண்டும். அரை மணிக்குப் பின் மிச்சமிருந்தால் எடுத்துவிட்டு, மறுநாள் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் ஒட்டியதைக் கழுவாமல் அதே தாம்பாளத்தில் மறுநாளும் பிசைந்தால், கெட்ட தீனியை நாமே உறை ஊற்றியது போல ஆகும்.

மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம். வேலூரில் 40 டிகிரி தாண்டுவது அப்போது செய்தியே இல்லை. தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும். மதியம் வயிறு நிறைந்த கோழி வாய் திறந்து மூச்சு வாங்கி நிற்பது இதனால்தான். காலை ஏழுக்கு முன் ஒரு பங்கு, மாலை ஐந்தரைக்கு மேல் இரண்டு பங்கு. நடுவில் தண்ணீரும் தர்பூசணித் தோலும் போதும். தோலில் எறும்பு ஏறியதும் எடுத்துவிடுங்கள். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் குடிக்கும், இந்த வெயிலில் இரண்டு மடங்கு. பிளாஸ்டிக் கிண்ணத்துத் தண்ணீர் பத்து மணிக்கே சுட ஆரம்பித்துவிடும், மண்சட்டியை நிழலில் பாதி புதைத்து வையுங்கள். ஒரு பங்கு உப்பில்லாத மோரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து கூடுதலாக வைக்கலாம், வெறும் தண்ணீருக்குப் பதிலாக அல்ல.

எட்டு வாரம் வரை குஞ்சுகளுக்குக் குண்டான் பக்கமே வேலை இல்லை. முதல் மூன்று நாளைக்கு நொய், உடைத்த கம்பு. பிறகு அதனோடு வேகவைத்த முட்டையைப் பொடியாக உதிர்த்து, பத்துக் குஞ்சுக்கு நாளைக்கு ஒன்று. கரையான் கிடைத்தால் கரையான். குஞ்சுக்கு 20 சதவீதப் புரதம் வேண்டும், சாம்பார் சாதத்தில் அது எந்தக் காலத்திலும் கிடைக்காது. குஞ்சுத் தீனி மூட்டை வாங்க முடிந்தால் எட்டு வாரத்துக்கும் அதையே போடுவது செலவில் பெரிதாகத் தெரிந்தாலும் சாகாத குஞ்சுகளை எண்ணிப் பார்த்தால் மலிவு.

அலசும்போது பொறுக்கிய கறிவேப்பிலை, வெங்காயம், பட்டை, கோழி தின்னாமல் விட்ட சோறு எல்லாம் எருக்குழிக்குப் போகட்டும். மேலே காய்ந்த சாணியும் சருகும் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் கிளறும் இடமெல்லாம் புழு இருக்கும், கோழியே போய்ப் பொறுக்கிக்கொள்ளும். கறித் துண்டும் மீனும் மட்டும் அந்தக் குழியில் விழக் கூடாது. அழுகிய கறியில் நெளிகிற புழுவுக்குள் பொட்டுலிசம் நஞ்சு சேர்ந்திருக்கும். அதைத் தின்ற கோழி ஓரிரு நாளில் கழுத்தைத் தூக்க முடியாமல் தரையில் சாய்த்துக்கொண்டு கிடக்கும். கறியையும் மீனையும் எருக்குழியிலிருந்து விலகித் தனியாக, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள்.